முயலும் முயலகனும்

தில்லி பாரத் மண்டபத்தின் முன் 2023-இல் நடராசர் சிலை ஒன்று நிறுவப்பெற்றது. சுவாமிமலைச் சிற்பிகள் வார்த்தது. உயரம் 27 அடி. ஆய்வகத்து வடநாட்டு நண்பர் ஒருவருடன் அதனைக் காணச் சென்றேன். “காலடியில் கிடப்பவன் யார்?” என்றார். “முயலகன். எங்கள் மொழியில் முயல் என்றால் முயற்சி செய் என்று பொருள். முயலாதவன் மிதிபடுகிறான்” என்றேன். அவர் வியந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. விடுதிக்குத் திரும்பியபின் ஐயம் எழுந்தது.

முயல் என்பது வினைப்பகுதி. ‘சி’ விகுதி பெற்று முயற்சி ஆகும். விலங்கின் பெயரும் அதே வடிவினது. முயல், கறை என்னும் இரண்டும் சேர்ந்து முயற்கறை ஆகும். நிலவின் களங்கத்திற்கு அது பெயர். வடமொழியில் சசம் என்றால் முயல்; அதனால் திங்கள் சசி ஆயிற்று. சீனர் 2013-இல் நிலவில் இறக்கிய ஊர்திக்கும் தம் கதையில் வரும் நிலா முயலின் பெயரையே இட்டனர். இம்முயலுக்கும் முயற்சிக்கும் ஒலியொற்றுமை உண்டு. அதற்குமேல் உறவு கொண்டாடச் சான்று வேண்டும்.

முயலகனுக்கு வருவோம். முயலாதவன் என்னும் சொல்லில் எதிர்மறை வெளிப்படையாக நிற்கிறது. முயலகன் என்பதில் அது எங்கே? வடமொழியில் அவன் அபஸ்மாரன். அபஸ்மாரம் என்பது நினைவு தவறும் வலிப்பு நோய். தமிழிலும் அந்நோய்க்கு முயலகன் என்ற பெயர் உண்டு. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளை வருத்திய முயலகனைத் திருஞானசம்பந்தர் தீர்த்தார் என்று பெரிய புராணம் கூறும். திருச்சிக்கு அருகே, இன்று திருவாசி எனப்படும் ஊர் அது. மூளை நரம்பணுக்களில் மின்னியக்கம் கட்டுமீறுவதால் வருவது வலிப்பு. நோயுற்ற அப்பெண்ணின் முயற்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அழகான விளக்கம் ஒன்றிற்காக நோயாளியைச் சோம்பேறியாக்கிவிட்டேனே!

ஒரு பெயருக்குள் இருவேறு பொருளைக் கலந்துவிடுவது பெரியோர்க்கும் நேர்ந்ததுண்டு. கிரேக்கக் கவிஞர் ஹெசியட், போட்டியை எரிஸ் என்னும் தெய்வமாக்கினார். ‘தியோகனி’யில் அவள் ஒருத்தியே, பசி, மறதி முதலியவற்றை ஈன்ற தாய். ‘வேலைகளும் நாட்களும்’ என்னும் நூலிலோ, எரிஸ் ஒருத்தி அல்லள், இருவர் என்று திருத்திக்கொண்டார். ஒருத்தி போர் மூட்டுவாள். மற்றவள் சோம்பியிருப்பவனையும் உழைக்க எழுப்புவாள்.

மறுநாள் நண்பரிடம் என் விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “முதலில் சொன்னதே நன்றாக இருந்தது” என்றார் அவர்.