இதயம் அறிவோம், இயன்றவரை காப்போம்



நம் சங்க இதழில் வரி, எடையளவுச் சட்டம், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று பல கட்டுரைகள் வருகின்றன. எல்லாம் கடைக்கு வேண்டியவையே. ஆனால் கடையை நடத்துகிறவர் உடம்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இதை எழுதும் நாம் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு மண்டி நடத்திவரும் மொத்த வியாபாரி. 2014ஆம் ஆண்டு நமக்கு மாரடைப்பு வந்தது. அதன் பிறகுதான் இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டோம். இது முன்பே தெரிந்திருந்தால் நம் உடம்பு இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

இதயத்தின் வேலை

நெஞ்சுக்கூட்டின் நடுவில், சற்றே இடப்புறம் சாய்ந்தாற்போல், இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில் இதயம் இருக்கிறது. அவரவர் கைமுஷ்டி அளவுதான். எடை சுமார் 300 கிராம். பெரும்பாலும் தசையால் ஆனது. நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஓய்வாக இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல். நம் கடையில் இருக்கும் 15 கிலோ எண்ணெய் டின் ஏறக்குறைய 16 லிட்டர் கொள்ளும். அப்படி நானூறு டின்னுக்கு மேல் நிரப்பும் அளவு இரத்தத்தை இந்தச் சிறு உறுப்பு தினமும் இறைக்கிறது. கடைக்கு வார விடுமுறை உண்டு. இதற்குக் கிடையாது.

இரத்தத்தின் பயணம்

இதயத்துக்குள் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு, கீழே இரண்டு. உடம்பெங்கும் சுற்றி, பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுக் கரியமில வாயுவைச் சுமந்துவரும் இரத்தம் முதலில் வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கரியமில வாயுவை இறக்கிவிட்டுப் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. பிறகு இடது கீழறை அதை மகாதமனி என்னும் பெரிய குழாய் வழியாக உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டியிருப்பதால் இடது கீழறையின் சுவர்தான் மிகத் தடிமனானது.

போன இரத்தம் பின்னால் திரும்பிவிடாமல் இருக்க நான்கு வால்வுகள் உண்டு. இவை ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்கும் 'லப்-டப்' ஓசை இந்த வால்வுகள் மூடும் ஓசைதான். இரத்தம் இப்படி ஒரே வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு டாக்டர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு நூலாக எழுதி வெளியிட்டார்.

இரத்த அழுத்தம் என்பது, ஓடும் இரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளும் விசை. 120/80 என்று எழுதினால், மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். பல முறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. பெரும்பாலும் இது எந்த அறிகுறியும் காட்டாது. கல்லாப் பணத்தை ஒவ்வொரு இரவும் எண்ணும் நம்மில் எத்தனை பேருக்குத் தம் இரத்த அழுத்த எண் தெரியும்?

மாரடைப்பு வருவது எப்படி?

ஊருக்கெல்லாம் அரிசி அளக்கும் மண்டிக்காரர் வீட்டிலும் உலை வைக்க அரிசி வேண்டும். அதுபோல, உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டும். மகாதமனியின் தொடக்கத்திலேயே கிளைவிடும் இரண்டு கொரோனரி தமனிகள் அந்த வேலையைச் செய்கின்றன.

புகை, சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, கெட்ட கொலஸ்டிரால் ஆகியவற்றால் இந்தத் தமனிகளின் உட்சுவர் கெட்டு, அதற்குள் கொழுப்பு படியத் தொடங்குகிறது. இது ஒரு நாளில் வருவதல்ல, பல ஆண்டு வேலை. வழி குறுகும்போது, மூட்டை தூக்கினால் அல்லது படியேறினால் நெஞ்சில் இறுக்கம் வரும். சற்று நின்றால் போய்விடும். இதுவே எச்சரிக்கை.

ஒருநாள் அந்தக் கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்துவிட்டால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி, சில நிமிடங்களில் குழாய் அடைபட்டுவிடும். அதற்கு அப்பால் உள்ள தசைக்கு இரத்தம் போகாது. இதுதான் மாரடைப்பு. அரை மணி நேரம் போலக் கடந்தால் தசை சாகத் தொடங்கும். நேரம் போகப் போகச் சாகும் பரப்பு கூடும். செத்த இதயத் தசை மறுபடி வளராது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தை டாக்டர்கள் பொன்னான நேரம் என்கிறார்கள்.

நமக்கு நடந்தது

2014 தீபாவளிக்குப் பத்து நாள் முன், காலை 11 மணி. துவரம்பருப்பு லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ மூட்டையை வைத்து அழுத்தியது போல இருந்தது. இடது தோள் வலித்தது. சட்டை நனைய வியர்த்தது. வாயுப் பிடிப்பு என்று நாமே முடிவு செய்து, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு ஒரு சோடா குடித்தோம். கணக்குப்பிள்ளை, "முதலாளி, ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். "லோடு இறங்கட்டும், கணக்கை முடிச்சிட்டுப் போவோம்" என்றோம். மாலை ஐந்தரை மணிக்கு வாந்தி எடுத்து மயங்கிச் சாய்ந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். சொன்னோம். "ஆறரை மணி நேரம் ஆகிவிட்டதே" என்றார். உயிர் தப்பியது. ஆனால் நல்ல இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரை வெளியே தள்ளும். நமக்கு அது 40 ஆகிவிட்டது. கிட்டங்கி மாடிக்கு ஏற இன்றும் நடுப்படியில் நின்றுதான் ஏறுகிறோம். அந்த லோடில் என்ன லாபம் வந்தது என்பது நினைவில்லை.

2021ஆம் ஆண்டு, எதிர்வரிசையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி சரக்கு எடுக்க வந்தார். சர்க்கரை உள்ளவர். வந்தவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி இல்லை என்றார். தாடை மட்டும் ஒரு மாதிரி வலிக்கிறதாம். முகமெல்லாம் வியர்வை. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, காலையில சாப்பிடல, அதான்" என்றார். "சரக்கு எங்கேயும் போகாது, எழுந்திருங்க அண்ணாச்சி" என்று அரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தோம். இ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்தது. உடனே அடைப்பை நீக்கினார்கள். அவருடைய இதயம் ஏறக்குறைய பழையபடி இருக்கிறது. இன்றும் சைக்கிளில்தான் கடைக்கு வருகிறார். இருவருக்கும் வந்த நோய் ஒன்றுதான். வித்தியாசம் ஆறு மணி நேரம்.

அறிகுறிகளும் உடனே செய்ய வேண்டியவையும்

நெஞ்சின் நடுவில் அழுத்தம் அல்லது இறுக்கம். இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு இவற்றில் பரவும் வலி. குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் போகாவிட்டால் மாரடைப்பு என்றே எண்ணிப் புறப்பட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம்.

1. நடக்க, படியேற, வண்டி ஓட்டக் கூடாது. உட்கார வைத்து 108ஐ அழைக்க வேண்டும். இந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கி வருகிறது.

2. சோடா, சுக்குக் கஷாயம், வாயு மாத்திரை என்று நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையும் டாக்டர் அல்லது 108 ஊழியர் சொன்னால் மட்டுமே. சிலருக்கு அது ஆகாது.

3. இ.சி.ஜி. வசதி உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால், மீண்டும் இ.சி.ஜி.யும் டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். அவசரப்பட்டு வீடு திரும்ப வேண்டாம்.

4. ஒருவர் சட்டென விழுந்து, அழைத்தும் அசையாமல், மூச்சும் இல்லாதிருந்தால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள். 108க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்த வேண்டும்.

மருத்துவமனையில் உறைகட்டியைக் கரைக்க ஊசி போடுவார்கள். அல்லது கை, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். கொரோனரி தமனியில் இந்தப் பலூன் சிகிச்சையை 1977இல் ஜூரிச் நகரில் முதன்முதலில் செய்தவர் ஆன்ட்ரியாஸ் குருன்சிக். கிராமத்து நோயாளிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது.

வேறு இதய நோய்கள்

சிறு வயதில் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சில குழந்தைகளுக்கு மூட்டு வலியுடன் கூடிய ருமாட்டிக் காய்ச்சல் வந்து, பின்னாளில் வால்வுகள் கெடும். இதயம் பலவீனமடைந்தால் கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத் திணறலும் வரும். துடிப்பு தாறுமாறானால் இதயத்துக்குள் இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். பிறவியிலேயே இதயச் சுவரில் ஓட்டை உள்ள குழந்தைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் இன்று சிகிச்சை இருக்கிறது.

வருமுன் காக்கக் கடைக்காரர் கணக்கு

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இந்தக் கணக்கில் அடக்கம். நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். வனஸ்பதி, எண்ணெய், அவற்றில் செய்த பண்டங்கள் ஆகியவற்றின் கொழுப்பில் 'டிரான்ஸ்' கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நாட்டில் விதி உள்ளது. கொள்முதலில் இதைக் கவனிப்பது வாங்குவோருக்கும் நல்லது.

பீடி, சிகரெட்டை அடியோடு விட வேண்டும். கல்லாவில் பதினான்கு மணி நேரம் உட்காரும் நாம் வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளிவிட்டு, வடையும் டீயுமாக ஓட்டக் கூடாது. முப்பது வயது முதல் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். அருகில் இரவு பகலாக இ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணையும் 108ஐயும் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். வேலையாட்களுக்கும் சொல்லி வையுங்கள். வலி வந்தால் கடையை அவர்களிடம் விட்டுவிட்டுப் புறப்படுங்கள். நாம் திரும்பி வந்தால் கடையும் இருக்கும், கணக்கும் இருக்கும். "கடை அடைச்சிட்டுப் போவோம்" என்ற வார்த்தையை மட்டும் நம் வணிகர் எவரும் சொல்ல வேண்டாம்.