வரப்பு மறைந்த வயல்

மாணவர்களே! பிசானப் பருவத்தில் திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி வழியாக அம்பாசமுத்திரத்திற்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? தாமிரபரணி நீர் பாயும் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி வரப்பு இருக்கும். அக்காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நுண்ணோக்கிக்குள் பார்ப்போம்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் புராஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். முதுமையில் சிலருக்கு இதில் புற்றுநோய் தோன்றுகிறது. சிலருடைய உடலில் இந்நோய் பல ஆண்டுகள் தொல்லை தராமல் அடங்கிக் கிடக்கும். வேறு சிலருக்கோ எலும்புகளுக்குப் பரவி உயிரைப் பறிக்கும். நோயின் பெயர் ஒன்றே; மருத்துவம் ஒன்றாக இருக்க முடியாது. முதலாமவருக்குத் தேவையின்றி அறுவை செய்தால், சிறுநீரை அடக்க முடியாத துன்பம் நேரலாம். இரண்டாமவருக்குத் தாமதமே ஆபத்து. இருவரையும் எப்படிப் பிரித்து அறிவது?

அதைக் கண்டறிபவர் நோய்க்குறியியல் வல்லுநர். 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் இதற்கென்றே தனித் துறை உண்டு. ஊசியால் எடுத்த திசுத் துணுக்கை முதலில் பார்மலினில் பதப்படுத்துவார்கள். பிறகு மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவிச் சாயமேற்றுவார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நலமான திசு, நாம் பார்த்த வயல்வெளி போன்றது. செல்கள் சிறு சிறு குழிகளைச் சுற்றி அணிவகுத்து நிற்கும். வெளியே அடிச்செல்கள் வரப்புபோல் ஓர் அடுக்காக அமைந்திருக்கும். புற்றுநோயில் இந்த வரப்பு மறைகிறது. நோய் கடுமையாக இருந்தால் குழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மிகக் கடுமையானால் செல்கள் தனித்தனியே சிதறிக் கிடக்கும். அமெரிக்க மருத்துவர் டொனால்டு கிளீசன் 1966-இல் இந்த அமைப்புகளுக்கு 1 முதல் 5 வரை எண்கள் தந்தார். மிகுதியாகக் காணும் அமைப்பின் எண்ணோடு அடுத்ததன் எண்ணைக் கூட்ட வேண்டும். 3+3=6 என்றால் நோய் பெரும்பாலும் மெதுவானது. 4+5=9 என்றால் கடுமையானது.

செல்லின் அமைப்போடு புரதங்களும் சான்று கூறுகின்றன. பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தைப் புராஸ்டேட்டே சுரக்கிறது. 1979-இல் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். ஆனால் சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் அது உயரும். ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

மற்றொரு புரதம் கே.ஐ.-67. ஜெர்மனியின் கீல் நகரில் 1983-இல் இது அறிவிக்கப்பட்டது. பெருகும் செல்லின் உட்கருவில் இது இருக்கும். ஓய்ந்திருக்கும் செல்லில் இராது. இப்புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமிட்டால், பெருகும் செல்கள் பழுப்பாகத் தெரியும். நூறு செல்களில் எத்தனை பழுப்பு என்று எண்ணினால் நோயின் வேகம் புலப்படும். பி.டி.இ.என். என்னும் புரதமோ செல் வளர்ச்சிக்குக் கடிவாளம். அதை இழந்த கட்டிகள் பெரும்பாலும் முரட்டுத்தனமானவை.

இச்சான்றுகளை ஒருசேர எடைபோட்டு, ஒருவருக்கு உடனே மருத்துவமும் மற்றொருவருக்குத் தொடர்ந்த கண்காணிப்பும் போதுமென முடிவு செய்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கேள்வி: 3+4, 4+3 இரண்டின் கூட்டுத்தொகையும் 7. எது கடுமையானது? இரண்டாவதுதான். ஏனெனில் முதல் எண்ணே திசுவில் மிகுதியாக உள்ள அமைப்பைக் குறிக்கிறது.

உங்கள் தாத்தா சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆயினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.