வெடிக்காத தோட்டா

கேள்வி: என்.சி.சி. பயிற்சியில் விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்வது? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிடாதீர்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் பயிற்றுநரை அழையுங்கள். நீங்கள் பயிற்சியில் சுடும் .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அடித்த இடத்தில் அந்த மருந்து போதாவிட்டால் பற்றாது. அபூர்வமாக, தாமதித்தும் பற்றும். அதனால்தான் குறைந்தது 30 விநாடி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்கக் கூடாது. திறந்தபின் வெடித்தால் பித்தளைக் கூடு சிதறிக் கண்ணையே பறித்துவிடும். மெலிதாக ‘டப்’ என்று மட்டும் கேட்டால் இன்னும் ஆபத்து: குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். சுடுவதை நிறுத்திவிடுங்கள். வெடிக்காத தோட்டாவை ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அம்மா, பயிற்றுநரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.