வீட்டுக்கு ரெண்டு நெட் கனெக்ஷன்: காப்பீடா, வீண் செலவா?

வீட்டுல இருந்து வேலை பார்க்கிற நிறைய பேருக்கு இருக்கிற சந்தேகம் இது: "ஒரு நெட் அடிக்கடி போகுது. ரெண்டாவது கனெக்ஷன் போடலாமா, இல்ல பழசை விட்டுட்டு வேற கம்பெனிக்கு மாறலாமா?" வீடியோவுல வேகமா சொன்ன கணக்கை இங்க நிதானமா எழுத்துல பார்ப்போம்.

முதல்ல கணக்கு

உங்க சம்பளம் மாசம் 30,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். ரெண்டாவது கனெக்ஷனுக்கு மாசம் 399 ரூபாய் பிளான் எடுத்தா, 18% ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய் வரும். வருஷத்துக்கு 5,650 ரூபாய். அதாவது கிட்டத்தட்ட ஆறு நாள் சம்பளம்.

இப்ப உங்களை நீங்களே கேளுங்க: நெட் போனதால போன வருஷம் எத்தனை நாள் லீவ் போட்டீங்க? ஒண்ணு, ரெண்டு நாள்தான்னா தனி கனெக்ஷன் தேவையில்ல, மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். ஆறு நாளுக்கு மேலன்னா, இல்ல ஒரு மணி நேரம் நெட் போனாலே கிளையன்ட் காலில் பிரச்சினை ஆகும்னா, ரெண்டாவது கனெக்ஷன் நியாயமான செலவு.

ஹாட்ஸ்பாட்டை நம்புறவங்க ஒண்ணு கவனிங்க. வீடியோ கால் மணிக்கு சுமார் 1 ஜிபி டேட்டா சாப்பிடும். தினம் 2 ஜிபி பிளான்னா மதியத்துக்குள்ள காலி.

காசு எங்கிருந்து வரும்?

பெரும்பாலும் முதல் கனெக்ஷன்லயே இருக்கு. நெட்ஃபிளிக்ஸ்ல ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும்னு அவங்களே சொல்றாங்க. குரூப் வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ். வீட்ல ரெண்டு பேர் கால்ல இருந்து, ஹால்ல டிவி ஓடினாக்கூட 15-ஐத் தாண்டாது. ஆனா நாம 100 எம்பிபிஎஸ்-க்குக் காசு கட்டிட்டு இருப்போம்.

உதாரணமா, 2020 செப்டம்பர்ல ஜியோஃபைபர் கொண்டுவந்த பிளான்களைப் பாருங்க: 30 எம்பிபிஎஸ் 399 ரூபாய், 100 எம்பிபிஎஸ் 699 ரூபாய். வித்தியாசம் 300, ஜிஎஸ்டியோட 354. 100-ல இருந்து 30-க்கு இறங்கினா, ரெண்டாவது கனெக்ஷன் செலவுல முக்கால்வாசி அங்கேயே கிடைச்சிடுது. வேகத்துக்குக் கட்டுற காசை, நெட் போகாம இருக்கிறதுக்குக் கட்டுறோம், அவ்வளவுதான்.

ரெண்டும் ஒரே கம்பத்துல வந்தா ஒண்ணுதான்

இதுதான் பலரும் கோட்டை விடுற இடம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கிற வல்லம் பக்கத்து கிராமங்களை எடுத்துக்குவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. வல்லத்துக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அப்படி ஒரு நாள்ல ஒரு கம்பம் சாஞ்சா, அதுல தொங்குற எல்லா ஒயரும் சேர்ந்தே போகும். கம்பெனி பேரு வேற வேறயா இருந்து பிரயோஜனம் இல்ல.

12,525 ஊராட்சிகளை இணைக்கிற தமிழ்நாட்டு பாரத்நெட் கேபிளும் பெரும்பாலும் மின்கம்பம் மேலதான் போகுது. அதனால முதல் கனெக்ஷன் ஃபைபர்னா, ரெண்டாவது டவர் வழியா வர்ற ஏர்ஃபைபரா, 4ஜி, 5ஜி ரவுட்டரா இருக்கட்டும். உங்க மொபைல் சிம்மும் அந்த ரெண்டு கம்பெனியும் இல்லாம மூணாவதா இருந்தா இன்னும் நல்லது.

கரண்ட் போனா ரெண்டு ரவுட்டரும் அணைஞ்சிடும்ங்கிறதையும் மறக்காதீங்க. வீட்ல இன்வெர்ட்டர் இல்லன்னா ரவுட்டருக்குன்னே விக்கிற மினி யுபிஎஸ் வாங்குங்க. அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துதான்னு பார்த்து வாங்கணும்.

மாத்திக்கிறது எப்படி?

ரெண்டு வைஃபைக்கும் வேற வேற பேரு வைங்க. லேப்டாப்லயும் போன்லயும் ரெண்டையும் சேவ் பண்ணிடுங்க. ஒண்ணு போனா அடுத்ததைத் தொட்டா போதும், பத்து செகண்ட் வேலை. தானாவே மாறணும்னா ரெண்டு லைனையும் செருகுற டூயல் வேன் ரவுட்டர் கிடைக்குது. ஒரு ஆள் வேலை பார்க்கிற வீட்டுக்கு அந்தச் செலவு அவசியமில்ல.

மாசம் ஒரு நாள், ஆபீஸ் வேலையை ரெண்டாவது லைன்லயே பாருங்க. அவசரத்துக்குன்னு வச்சிருக்கிறது வேலை செய்யுதான்னு அவசரம் வர்றதுக்கு முன்னாடியே தெரியணும்.

முழுசா வேற கம்பெனிக்கு மாறணும்னா

மொபைல் நம்பர் மாதிரி வீட்டு பிராட்பேண்டுக்கு போர்ட்டிங் கிடையாது. புதுசு ஒண்ணு திறக்கணும், பழசு ஒண்ணு மூடணும். நடுவுலதான் காசு ஒழுகும்.

1. விளம்பரத்தைப் பார்க்காம, அதே தெருவுல அந்த லைன் வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க. லைன் அறுந்தா எத்தனை நாள்ல வந்து சரி பண்றாங்கங்கிறதுதான் முக்கியமான கேள்வி.

2. பழைய பிளான் முடிய 15 நாள் இருக்கும்போது புதுசு போடுங்க. ராத்திரி 8-லிருந்து 10 மணி வரைக்கும் சோதிச்சுப் பாருங்க.

3. ஆறு மாசம், ஒரு வருஷம்னு மொத்தமா கட்டினா இன்ஸ்டலேஷன் இலவசம்பாங்க. சர்வீஸ் சரியில்லன்னா அந்தக் காசு மாட்டிக்கும். முதல்ல குறைஞ்ச காலத்துக்கு எடுங்க.

4. கணக்கு உங்க பேர்ல, உங்க மொபைல் நம்பர்ல இருக்கட்டும். லைன் போட வந்தவர் நம்பர்ல வேண்டாம். ஆபீஸ்ல இன்டர்நெட் அலவன்ஸ் கேட்டாலும் உங்க பேர்ல உள்ள பில்லைத்தான் கேப்பாங்க.

5. ஆட்டோபே கேன்சல் பண்ணிட்டா கனெக்ஷன் மூடிடுச்சுன்னு அர்த்தமில்ல. போஸ்ட்பெய்டுன்னா பில் ஏறிட்டே இருக்கும். மூடச் சொல்லி ஆப்லயோ மெயில்லயோ கேட்டு, புகார் எண் வாங்குங்க. அப்புறம் யுபிஐ ஆப்ல மேண்டேட்டை ரத்து பண்ணுங்க.

6. ரவுட்டரைத் திருப்பிக் குடுக்கும்போது சீரியல் நம்பரோட போட்டோ எடுத்து, ரசீது வாங்குங்க. டெபாசிட் கட்டியிருந்தா, டிராயோட 2024 விதிகள்படி 45 நாளுக்குள்ள திரும்ப வரணும்.

வரலைன்னா? முதல்ல கஸ்டமர் கேர்ல புகார். அது தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட 30 நாளுக்குள்ள போகலாம், கட்டணம் இல்ல. 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு 2012 விதி இருக்கு. ரெண்டு படிக்கும் அந்தப் புகார் எண்தான் ஆதாரம், பத்திரமா வச்சுக்குங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை: யுபிஐ ஆப்ல ஆட்டோபே பக்கத்தைத் திறந்து பாருங்க. எப்பவோ விட்ட நெட்டுக்கு இன்னும் மேண்டேட் ஓடிட்டு இருந்தா, முதல்ல அந்த கனெக்ஷனை முறைப்படி மூடுங்க. ரெண்டாவது லைனைப் பத்தி அதுக்கப்புறம் யோசிக்கலாம்.