ஃபேன் சுற்றினால் போதுமா? காற்றுக்கு வழி விடுங்கள்!



"டிரெசர் ஐயா, காசு செலவு பண்ணி புகை இழுக்கிற ஃபேன் மாட்டியும் வீட்டுல புகை போகல. பிள்ளைக்கு இருமலும் நிக்கல" என்று ஒரு தாய் வந்து சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றுகிறது. ஆனால் திருடனுக்கும் கொசுவுக்கும் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு! உள்ளே காற்று வராவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

காற்றுக்கு இரண்டு வழி வேண்டும். வர ஒன்று, போக ஒன்று.

மாட்டும்போது: சூடான புகை மேலேதான் போகும். ஆகவே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் உயரமாக ஃபேனை மாட்டுங்கள். புதுக்காற்று எதிர்ப்பக்க ஜன்னலிலிருந்து வரட்டும். ஃபேனை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால், வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும்; புகை அறையிலேயே நிற்கும். அடுத்த வீட்டுக்குள் புகை போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். கொசுவுக்குப் பயமென்றால் ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பலகை அடிக்காதீர்கள்.

பராமரிப்பு: எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் ஃபேன் காற்றை இழுக்காது. மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

சோதனை: ஃபேன் ஓடும்போது, திறந்த ஜன்னலோரம் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வீட்டுக்குள்ளே சாய்ந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டையும் வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நான் பார்த்த அந்த வீட்டில் தாத்தாவும் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். "புகைதான் ஐயா" என்றார். சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். காசநோய்! அந்தக் கிருமி காற்றில்தான் பரவுகிறது. அடைத்த அறையில் பல மணி நேரம் மிதக்கும். வீட்டிலுள்ள எல்லாரையும், பிள்ளையையும், பரிசோதிக்கச் சொன்னேன். தாத்தா 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டுக் குணமானார்.

ஆகவே, 2 வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், இராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு இருந்தால் புகைமேல் பழி போடாதீர்கள். உடனே கிளினிக்குக் கிளம்புங்கள்.

தொழிலாளர் வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. ஜன்னல் கெட்டுப்போயிருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நடக்கவில்லையா? சங்கக் கிளைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.

இன்றைக்கே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்!