மருத்துவமனையில் ஆன்மிகப் பணி: நம்பிக்கையும் ஆய்வும்

நோயுற்றுக் கிடப்பவர் கேட்கும் கேள்விகளில் மருத்துவர் விடை கூற இயலாதவையும் உண்டு. புற்றுநோய் எவ்வாறு தோன்றுகிறது என்பதை மருத்துவர் விளக்கலாம்; "எனக்கு ஏன் வந்தது?" என்று நோயாளி கேட்கும்பொழுது அவ்விளக்கம் போதுமானதாக இருப்பதில்லை. முற்பிறவி வினையா, யாருக்கேனும் இழைத்த தீங்கின் பலனா, கடவுள் கைவிட்டுவிட்டாரா என்ற ஐயங்கள் உடல் வலிக்கு இணையாகவும், சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவும் வருத்துகின்றன. இத்துயரைக் கேட்டு ஆற்றுவது மருத்துவமனையின் கடமைகளுள் ஒன்றா, அல்லது அது குடும்பத்திற்கும் கோயிலுக்கும் உரியதா என்ற வினா மேலை நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. நோய் முற்றியோருக்கான வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சையை 2012-ஆம் ஆண்டில் ஒரு தேசியத் திட்டமாக ஏற்றுக்கொண்ட இந்தியாவுக்கும் அவ்வினா இன்று அயலானதன்று.

மேலை நாட்டு மருத்துவமனைகளில் இப்பணிக்கென்று அமர்த்தப்படுபவரைச் சாப்ளின் என்பர். இச்சொல்லின் மூலம் சுவையானது. மார்ட்டின் என்னும் ரோமானியப் போர்வீரர் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குத் தம் மேலங்கியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்தார் என்பது மரபுச் செய்தி. அந்த அங்கியைப் பிற்காலத்தில் பேணிக் காத்த குருமார்களுக்கு அங்கியின் லத்தீன் பெயரையொட்டி ஏற்பட்ட பெயரே இது. தமிழில் ஆன்மிகப் பணியாளர் என்று குறிப்பிடுவது பொருந்தும்.

நோயாளியே ஆசிரியரான வரலாறு

தொடக்கத்தில் இப்பணி மதகுருமார்களின் கடமையாக மட்டுமே இருந்தது. நோயாளியைக் கண்டு, மறைநூல் வாசித்து, இறுதிச் சடங்கு செய்வதோடு அது முடிந்தது. இதற்குத் தனிப் பயிற்சி தேவை என்று எவரும் கருதவில்லை. இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் ஆன்டன் பாய்சன் என்னும் அமெரிக்கப் போதகர். 1920-ஆம் ஆண்டில் அவர் கடுமையான மனநோய்க்கு ஆளாகி, ஓராண்டுக்கும் மேலாக மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே தம்மைக் காண வந்த சமயத்தார் நோயைப் பற்றி ஏதும் அறியாதவர்களாக இருந்ததையும், மருத்துவர்கள் சமய அனுபவத்தைப் பற்றி ஏதும் அறியாதவர்களாக இருந்ததையும் அவர் கண்டார். குணமடைந்து வெளிவந்தபின் 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராகச் சேர்ந்து, மறு ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார். மாணவர்கள் நூல்களை மட்டுமின்றி, உயிருள்ள மனிதரையும் ஓர் ஆவணமாகக் கொண்டு படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

பாய்சனுக்குத் துணை நின்ற டாக்டர் ரிச்சர்டு கேபட், பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905-ஆம் ஆண்டிலேயே சமூகப் பணியாளரை நியமிக்கச் செய்தவர். ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் பாடமாகக் கொண்டு மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கும் முறையைப் பரப்பியவர். அதே முறையைச் சமய மாணவருக்கும் கொண்டுவந்ததே இத்துறையின் திருப்புமுனை எனலாம். அம்மருத்துவமனையின் ஆன்மிகப் பணியாளராயிருந்த ரஸ்ஸல் டிக்சுடன் சேர்ந்து கேபட் 1936-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் தொடக்ககாலப் பாடநூல்களுள் முக்கியமானது. நோயாளியுடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, ஆசிரியர் முன்னிலையில் சக மாணவர்களோடு விவாதிக்கும் வழக்கமும் அக்காலத்தில் வேரூன்றியதே. "எங்கே நோயாளி அழத் தொடங்கினார்? அப்போது பயிற்சியாளர் ஏன் பேச்சை மாற்றினார்?" என்பன போன்ற வினாக்கள் எழும்போது பயிற்சியாளரின் அச்சமே வெளிப்பட்டுவிடும். இன்றும் இப்பயிற்சியின் உயிர்நாடி இதுவே. அமெரிக்காவில் இப்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1967-இல் உருவாயிற்று. ஒரு பயிற்சிப் பிரிவுக்குக் குறைந்தது 400 மணி நேரமும், முழுத் தகுதிச் சான்று பெற இத்தகைய நான்கு பிரிவுகளும் விதிக்கப்பட்டுள்ளன.

அதே 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின் மருத்துவரானவர். உடல், மனம், சமூக உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் பிணைந்ததே இறக்கும் நிலையிலுள்ளவரின் வலி என்றும், அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தணிக்க இயலாது என்றும் அவர் கற்பித்தார். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட வரையறையில் உடல் துன்பத்தோடு ஆன்மிகத் துன்பமும் இடம் பெற்றிருப்பது இச்சிந்தனையின் பயனாகும்.

எதனை அளப்பது?

பயிற்சி செம்மையுற்ற அளவுக்கு ஆய்வு வளரவில்லை. ஆன்மிகப் பணியாளரின் வேலை அருளைச் சார்ந்தது, அதனை அளவுகோல் கொண்டு அளப்பது தகாது என்னும் எண்ணம் பலரிடம் நிலவியது. ஆனால் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகள் செலவைக் குறைக்க முற்பட்டபோது, பயனை நிரூபிக்க இயலாத பதவிகளே முதலில் கத்தரிக்குப் பலியாகும் என்பது தெளிவாயிற்று. இத்துறை மேலும் அறிவியல் சார்ந்ததாக வேண்டுமா என்ற விவாதம் 2002-இல் ஒரு தனித் தொகுப்பு நூலாகவே வெளிவந்தது. ஆம் என்றோரும் இல்லை என்றோரும் அதில் எழுதினர்.

அறிவியல் என்ற பெயரில் முதலில் செய்யப்பட்டவை சில, தவறான கேள்வியைக் கேட்டவை. முகமறியாத ஒருவர் தொலைவிலிருந்து பிரார்த்தித்தால் நோய் குணமாகுமா என்பதே அக்கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் இதய நோய்ப் பிரிவின் 393 நோயாளிகளிடம் நடந்து 1988-இல் வெளியான ஆய்வு, பலன் உண்டு என்றது. அதன் முறையில் குறைகள் பல சுட்டப்பட்டன. ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் பிரார்த்தனையால் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. அதைவிட வியப்பு: தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிவிக்கப்பட்டோரில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன, பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாமல் அதைப் பெற்றோரில் அது 52 விழுக்காடு. தமக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கு நிலைமை மோசமோ என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். இறைவனைச் சோதனைக்கூடத்தில் நிறுத்தும் இம்முயற்சி இத்துடன் ஏறக்குறைய ஓய்ந்ததில் இத்துறைக்கு நஷ்டம் ஏதுமில்லை.

பயன் தந்தவை வேறு வகை ஆய்வுகளே. கென்னத் பர்கமென்ட், ஹரால்டு கோனிக் முதலியோர் 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார், கடவுளுக்குத் தம்மீது அன்பில்லை என்று மனத்துக்குள் போராடியவர்களிடையே, நோயின் கடுமை முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபின்னரும், இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. இதனால் மனப்போராட்டமே மரணத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. ஆயினும் நம்பிக்கை எப்போதும் ஆறுதலே தரும் என்ற பொதுக் கருத்து ஆட்டம் கண்டது. யாரிடம் இப்போராட்டம் உள்ளது என்பதைச் சில கேள்விகளால் கண்டறிந்து அவரை முதலில் சென்று காண வேண்டும் என்ற நடைமுறை இதிலிருந்து பிறந்தது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிச்செட் இத்துறையில் முன்னோடி. ஆன்மிகப் பணியாளர் ஒவ்வொருவரும் தாம் கண்ட நோயாளியின் நிலை, தாம் செய்தது, அதன் விளைவு ஆகியவற்றை முறையாக எழுதி வெளியிட வேண்டுமென 2011-இல் அவர் விடுத்த அழைப்பு, பாய்சனின் வழிக்கே ஒருவகையில் திரும்பிச் செல்வதாகும்.

இன்னொரு ஆய்வு இந்தியாவின் கவனத்துக்கு உரியது. நோய் முற்றிய 343 புற்றுநோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்த இவ்வாய்வின் முதற்பகுதி 2010-இல் வெளியாயிற்று. மருத்துவக் குழுவினரே தம் ஆன்மிகத் தேவையைக் கவனித்தனர் என்று கூறிய நோயாளிகள் இறுதி நாட்களில் ஆதரவு இல்லங்களின் பராமரிப்பை அதிகம் நாடினர். ஆனால் 2013-இல் வெளியான மற்றொரு பகுதியின்படி, தத்தம் சமயக் கூட்டத்தாரின் ஆதரவை மிகுதியாகப் பெற்றவர்கள் அதற்கு மாறாக, இறுதி வாரத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் செயற்கைச் சுவாசத்தையும் அதிகம் நாடினர். அற்புதம் நிகழும், போராட்டத்தைக் கைவிடலாகாது என்று வெளியிலிருந்து வருவோர் ஊக்குவிக்கின்றனர். நோயின் உண்மை நிலை அவர்களுக்குத் தெரிவதில்லை. நோயை அறிந்த குழுவில் ஒருவராக இருந்து அதே நம்பிக்கையைப் பேசுபவரின் சொல் வேறு விளைவைத் தருகிறது. ஆன்மிகப் பணியாளர் மருத்துவக் குழுவுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் அரிது.

இதன் பொருளாதாரப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருப்பினும், பிழைக்க வழியில்லாத நிலையிலும் தீவிர சிகிச்சைக்காக நிலத்தையும் நகையையும் இழக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. "கடைசிவரை எல்லாம் செய்தோம்" என்ற மன அமைதிக்காகவே பல குடும்பங்கள் இக்கடனை ஏற்கின்றன. அவ்வமைதிக்கு வேறு வழி உண்டு என்று எடுத்துரைக்கப் பலவேளை ஆளில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள நோயாளிகளின் உறவினரைப் பயிற்சி பெற்ற ஆன்மிகப் பணியாளர் தாமாகச் சென்று தொடர்ந்து சந்தித்தால், சில வாரங்கள் கழிந்த பின்னும் அவர்களது பதற்றம் குறைந்திருந்தது என்று இண்டியானா மாநிலத்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது.

இந்தியச் சூழ்நிலை

இந்தியாவில் இப்பணி நெடுங்காலமாகக் கிறிஸ்தவ மருத்துவமனைகளிலேயே முறைப்படி இருந்துவருகிறது. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய வேலூர் மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. அரசு அமைப்புகளில் இதற்கு நிகரானது எதிர்பாராத ஓரிடத்தில் உள்ளது: இந்தியத் தரைப்படையில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி எனப் பல சமய ஆசிரியர்கள் இளநிலை அதிகாரிகளாக நியமிக்கப்படுகின்றனர். படை மருத்துவமனையிலுள்ள நோயாளிகளைக் காண்பதும், தேறிவருவோருடன் பிரார்த்திப்பதும் அவர்களது கடமைப் பட்டியலில் உள்ளவை. படைவீரனுக்கு உரியதென அரசு கருதும் இந்த ஆறுதல், மாவட்ட மருத்துவமனையில் படுத்திருக்கும் குடிமகனுக்குக் கிட்டுவதில்லை.

இதற்குத் தயக்கமும் நியாயமானதே. நோயாளி பலவீனமான நிலையில் இருப்பவர். அவரிடம் சமயப் பேச்சு மதமாற்ற முயற்சியாகவோ, பூசைச் செலவாகவோ முடியலாம். குறிப்பிட்ட மதமொன்றை வளர்ப்பதற்கென ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விதிக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர் தம் மதத்தைப் போதிக்காமல் நோயாளியின் நம்பிக்கை எதுவோ அதிலிருந்தே தொடங்குவார் என்பது இதற்கு விடை. நெதர்லாந்தில் கடவுள் நம்பிக்கையற்ற மனிதநேயக் கொள்கையினரும் இப்பணியில் அமர்த்தப்படுகின்றனர். அவர்களுக்கென உட்ரெக்ட் நகரில் பல்கலைக்கழகமும் உண்டு. ஆயினும் அந்நாட்டு ஏற்பாட்டை அப்படியே இங்கு பெயர்த்து நடுவதற்கில்லை. அங்கே தனிமையில் கிடக்கும் நோயாளிக்காக உருவானது அது. இங்கே கட்டிலைச் சுற்றிப் பெரும்பாலும் குடும்பமே நிற்கிறது, பல வேளைகளில் நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைத்துக்கொண்டு.

எனவே இந்தியருக்கான அளவுகோல் இங்கேயே உருவாக வேண்டும். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் புற்றுநோய்ப் பிரிவில் டாக்டர் சுஷ்மா பட்னாகரும் ஜோரிஸ் கீலனும் பிறரும் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வினை, விதி, இறைவனின் நீதி ஆகியவை பற்றிய இந்தியரின் எண்ணங்களையே வினாக்களாக அமைத்து, நோயாளிகளை நம்பிக்கையில் அமைதி கண்டோர், துயருற்றோர், தெய்வத்தின் துணையைப் பற்றிக்கொண்டு தவிப்போர் என அவர்கள் பிரித்துக் காட்டினர். கோயிலுக்குப் போகிறீர்களா என்ற ஒற்றைக் கேள்வியால் இம்மூவரை வேறுபடுத்த இயலாது.

நடைமுறைக்கு வழிகாட்டுவது கேரளம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், 2008-இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு வீடாகச் செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் தனி ஆன்மிகப் பணியாளரை நியமிக்க நிதி வசதி இடம் தராது. புண்ணைக் கழுவிக் கட்டும் செவிலியிடமே பெரும்பாலான நோயாளிகள் மனம் திறக்கின்றனர். அவருக்குச் சில நாட்கள் செவிமடுக்கும் பயிற்சி அளிப்பதும், கடினமானவற்றை ஒப்படைக்க மாவட்ட மருத்துவமனையில் முழுப் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்திருப்பதும் இயலாதவை அல்ல. மருத்துவப் பட்டப் படிப்பில் மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடல் பற்றிய பாடம் 2019 முதல் சேர்ந்துள்ளது. செவிலியருக்கும் இதனை விரிவாக்கலாம். செவிலி எழுதும் வருகைக் குறிப்பில் வலியின் அளவுக்கும் மாத்திரையின் கணக்கிற்கும் அடுத்து, நோயாளி அன்று எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதற்கு ஒரு வரி இடம் விட்டால், ஆய்வாளருக்கு வேண்டிய மூலப்பொருள் அங்கிருந்தே திரளத் தொடங்கும்.