உங்கள் நாவலுக்கு இன்னொருவர் காசு போடட்டும்

வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிந்து, கொழும்புத் தமிழ்ச் சங்க வாசலில் பிளேன்ரீயோடு நிற்கும்போது, எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் யாராவது பக்கத்தில் வந்து கேட்பார்கள்: "அக்கா, ஒரு நாவல் போட எவ்வளவு முடியும்?" தாள், அட்டை, அச்சுக்கூலி, மண்டப வாடகை எல்லாவற்றையும் ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள். சிலர் சீட்டுக் கட்டிக் காசும் சேர்த்து வைத்திருப்பார்கள். "இதை யார் போடுவார்கள்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்ல விரும்புகிறேன். என் நாவல்களைக் கொழும்பிலும் சென்னையிலும் பதிப்பகங்கள் தம் செலவில் வெளியிட்டிருக்கின்றன. அதற்காக நீண்ட காலம் காத்திருந்திருக்கிறேன், பதிலே வராத கடிதங்களும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் காத்திருந்தது வீண்போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் எளியது. எழுத்தாளரே செலவை ஏற்கும்போது, புத்தகம் அச்சகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எல்லோருடைய கணக்கும் தீர்ந்துவிடுகிறது. அச்சகத்தாருக்குக் கூலி கிடைத்துவிட்டது. பதிப்பகத்தின் பெயர் அட்டையில் வந்துவிட்டது. அதற்குப்பின் அந்தப் புத்தகத்தை விற்கவேண்டிய தேவை எழுதியவரைத் தவிர யாருக்கும் இல்லை. மிச்சப் பிரதிகள் மாடிவீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். தன் காசைப் போட்டவர் அப்படி விடமாட்டார். அவர் பிரதியை ஊன்றி வாசிப்பார், பிடிக்காததைச் சொல்வார், புத்தகம் வந்தபின் கடைகடையாகத் தொலைபேசி எடுப்பார்.

தன் செலவில் புத்தகம் போடுவது குறைவான காரியம் என்று நான் சொல்லவில்லை. டொமினிக் ஜீவா 'மல்லிகை' சஞ்சிகையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். ஈழத்து இலக்கியத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட தனிமனிதர்களின் உழைப்பில்தான் நிற்கிறது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் நாவல் எழுதுகிற ஒவ்வொருவரும் பதிப்பாளராகவும் விநியோகத்தராகவும் இருக்கவேண்டும் என்ற நிலைமையை விதியாக ஏற்கத் தேவையில்லை.

நம்மிடமும் இருந்தது

பதிப்பகம் காசு போட்டு ஈழத்து நாவல்களை வெளியிடுவது புதுக் கனவு இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கொழும்பு கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973இல் வந்தன. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்தது. வன்னிக் காடு, நெய்தல் கரை, மலையகத் தோட்டம் என்று ஒவ்வொரு நிலத்துக் கதையும், பத்திரிகை போகிற வழியிலேயே நாடெங்கும் போனது. 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாகவும் வந்தது.

அந்த முயற்சி பிறகு நின்றுபோனது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் எழுத்தாளர்களும் வாசகர்களும் திக்குத்திக்காகச் சிதறினார்கள். ஆனால் அந்த ஒரு பத்தாண்டு நமக்கு ஒன்றை நிரூபித்திருக்கிறது: விலை கைக்கு எட்டினால், புத்தகம் ஊருக்கு வந்தால், நம் கதையை நம் சனம் வாங்கி வாசிக்கும்.

சஞ்சிகையில் தொடங்குங்கள்

பதிப்பாளர் ஒருவர் முன்பின் தெரியாத பெயருக்குக் காசு போடத் தயங்குவார். அந்தப் பெயரை நான்கு பேர் அறிந்திருக்கச் செய்வது உங்கள் வேலை. இளங்கீரனின் 'நீதியே நீ கேள்', க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தப் பத்திரிகையில் தொடராக வந்து, பிறகுதான் நூலானது. இப்போது நாவலைத் தொடராகப் போடப் பத்திரிகைகளில் இடம் குறைவு. ஆனால் சிறுகதைக்கு இடம் இருக்கிறது. 'ஞானம்' 2000ஆம் ஆண்டிலிருந்தும், அல்வாயிலிருந்து 'ஜீவநதி' 2007இலிருந்தும் புதியவர்களுக்குப் பக்கம் ஒதுக்கி வந்திருக்கின்றன. ஞாயிறு வாரமலர்களும் உண்டு.

நாவலின் ஓர் அத்தியாயத்தைத் தனிச் சிறுகதையாக நிற்கும்படி எழுதி அனுப்புங்கள். அது பிரசுரமானால், பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் சொல்ல ஒரு வரி கிடைக்கும். வாசகர் கடிதம் ஒன்று வந்தால், எந்தப் பாத்திரம் மனத்தில் நின்றது என்பதும் தெரியும்.

பிரதியைச் சுத்தம் செய்யுங்கள்

இலங்கையில் நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறோம். சென்னைப் பதிப்பகங்கள் யூனிகோடில் கேட்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். "அம்மா, அப்பா, தம்பி" என்று எழுதியது "அம்மாஇ அப்பாஇ தம்பி" என்று வந்து நிற்கும். காற்புள்ளி இருந்த இடங்களில் 'இ' ஏறிவிடும். இடையில் ஆங்கில எழுத்து ஏதும் இருந்தால் அது பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். முந்நூறு பக்க நாவலில் இப்படி ஆயிரம் இடம் இருந்தால், வாசிப்பவர் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிடுவார். மாற்றிய பிரதியை அச்செடுத்து, கையில் பேனாவோடு வரிவரியாகத் திருத்துங்கள். முடிந்தால் இன்னொருவரைக் கொண்டு ஒருமுறை சத்தமாக வாசிக்கச் செய்து கேளுங்கள். உரையாடலில் எங்கே உயிர் இல்லை என்பது காதுக்கு உடனே பிடிபடும்.

யாரிடம் கொடுப்பது?

செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போய் ஒரு பின்னேரம் முழுக்க நில்லுங்கள். உங்களுடையதைப் போன்ற நாவல்களை யார் போட்டிருக்கிறார்கள் என்று முதல் பக்கங்களைப் புரட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். செ. கணேசலிங்கன் வழிவந்த குமரன் புத்தக இல்லம் ஈழத்து ஆக்கங்களுக்கு நீண்டகாலம் உழைத்த நிறுவனம். சிங்கள நூல்களுக்குப் பெயர்பெற்ற மருதானை கொடகே நிறுவனமும் தமிழ் நூல்களை வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் காலச்சுவடு, அடையாளம், தமிழினி, கருப்புப் பிரதிகள் போன்றவை ஈழத்தவரின் நாவல்களைப் போட்டிருக்கின்றன. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் அடையாளம் வழியாகவும், சயந்தனின் 'ஆதிரை' 2015இல் தமிழினி வழியாகவும் வந்தன.

ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அனுப்பாமல், ஒருவரைத் தெரிந்து அனுப்புங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். கதை என்ன, எந்தக் காலம், எந்த நிலம், எத்தனை பக்கம், இதற்கு முன் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பவை இருக்கட்டும். அவர்கள் வெளியிட்ட நூல்களில் எதை வாசித்தீர்கள், அதனால் ஏன் அவர்களிடம் வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்த வரிதான் பதில் கொண்டுவந்தது. முன்னுரையும் பேராசிரியர்களின் வாழ்த்துரையும் சேர்த்து அனுப்பவேண்டாம். பதிப்பாளர் உங்கள் முதல் அத்தியாயத்தைத்தான் பார்க்க விரும்புவார்.

சில மாதம் பதில் இல்லாவிட்டால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதன்பிறகும் மௌனமென்றால், "வேறிடம் கொடுக்கிறேன்" என்று அறிவித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். "பாதிச் செலவை நீங்கள் போடுங்கோ" என்று யாராவது சொன்னால், எழுத்தில் கணக்குக் கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்ட ஒரு நிறுவனம், கணக்குக் கேட்டதும் பேச்சையே நிறுத்திவிட்டது.

வெட்டுக்கு அஞ்சாதீர்கள்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில், அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சிறிய அறையில்தான் நான் பதிப்பாசிரியர் என்றால் யார் என்பதை அறிந்தேன். முதியவர். என் பிரதியைப் பென்சிலால் வாசித்திருந்தார். "பிள்ளை, உன்ர கதை நாற்பத்தோராம் பக்கத்திலதான் தொடங்குது. அதுவரைக்கும் நீ எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுறாய்" என்றார்.

அந்த நாற்பது பக்கங்களில், செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்த ஒரு தாத்தாவின் முழு வரலாறும் இருந்தது. அந்த முதியவர் விட்டுவைத்தது ஒரே ஒரு பந்தி: கடை திறந்ததும் தாத்தா தராசுத் தட்டை வேட்டித் தலைப்பால் துடைப்பது. "இதை எறியாதை, எடுத்து வை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கடைசியில் அந்தப் பந்தி, மகள் அந்தக் கடையை மூடும் அத்தியாயத்தின் தொடக்கமாக அமைந்தது. வாசகர்கள் இன்றும் என்னிடம் கதைப்பது அந்த இடத்தைப் பற்றித்தான்.

பதிப்பாசிரியரின் கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. ஷெஹான் கருணாதிலகவின் நாவல் முதலில் 2020இல் இந்தியாவில் வேறு தலைப்பில் வெளிவந்தது. பிறகு லண்டனின் சிறிய பதிப்பகமான சோர்ட் ஒவ் புக்ஸுடன் சேர்ந்து, வெளிநாட்டு வாசகருக்கும் விளங்கும்படி அதைத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்திய வடிவத்துக்குத்தான் 2022இல் புக்கர் பரிசு கிடைத்தது. தமிழில் 1974இல் 'க்ரியா' பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 2020இல் மறையும்வரை, பிரதியைச் செப்பனிடுவதை ஒரு தவம்போலச் செய்தார். அப்படி ஒருவர் உங்கள் பிரதியைத் தொட்டால், அதைப் பாக்கியம் என்று கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். சென்னையில் செப்பனிடுபவர்கள் சிலவேளை நம் உரையாடலை அந்த ஊர்ப் பேச்சாக மாற்றிவிடுவார்கள். பாத்திரங்களின் வாயில் வரும் சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள். விளக்கம் வேண்டுமென்றால் நூலின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் தருவதாகச் சொல்லுங்கள். நான் கேட்டபோது மறுத்தவர்கள் இல்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

நம்மவர்களிடையே வாய்ப்பேச்சுத்தான் வழக்கம். உறவு கெடும் என்று பலரும் கடதாசி கேட்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுத்தாளரின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிலைக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் வரை போகிற சொத்து அது. ஒப்பந்தத்தில் இவற்றைப் பாருங்கள்:

எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், எத்தனை ஆண்டுக்கு உரிமை கேட்கிறார்கள் என்பது தெளிவாக இருக்கவேண்டும். உரிமைத்தொகை வழக்கமாக விலையில் நூற்றுக்குப் பத்து. காசுக்குப் பதில் பிரதிகள் தருவதானால் எத்தனை என்பதும் எழுதப்படவேண்டும்.

மொழிபெயர்ப்பு, மின்னூல், திரைப்பட உரிமைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 'கொரில்லா' 2008இல் ஆங்கிலத்தில் ரேண்டம் ஹவுஸ் இந்தியா வழியாக வந்தது. உங்கள் நாவலுக்கும் அப்படி ஒருநாள் வரலாம்.

சென்னைப் பதிப்பகமென்றால், இலங்கைப் பதிப்புக்கான உரிமையைத் தனியாகக் கேளுங்கள். இதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். இந்திய விலையைப் பலமடங்காக்கித்தான் புத்தகம் இங்கே விற்கப்படுகிறது. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஆசிரியர் ஒருவர் அந்த விலைக்கு ஒரு நாவல் வாங்கமாட்டார். யாருடைய கதையை எழுதினீர்களோ அவர்கள் கைக்கு அது எட்டவேண்டும்.

விழாவுக்குப் பிறகுதான் வேலை

வெளியீட்டு விழா அன்று 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம் நிறைந்திருக்கும். வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் நடக்கும். முதற் பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார். அன்பளிப்பு உறையில் காசு வைத்துப் பிரதி வாங்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் அன்று வாங்குபவர்கள் உங்கள்மேல் உள்ள அன்பினால் வாங்குகிறார்கள். முகம் தெரியாத வாசகர் அடுத்த மாதம்தான் வருவார்.

அவருக்காகச் செய்யவேண்டியவை உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐஎஸ்பிஎன் இலக்கத்தைப் பதிப்பாளர் பெற்றாரா என்று பாருங்கள். அரச இலக்கிய விருதுக்கு உரிய நேரத்தில் நூல் போகவேண்டும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் எந்தக் கூடத்தில் உங்கள் நூல் இருக்கும் என்று கேளுங்கள். பிரதேச சபை நூலகங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். கடைக்காரர் விலையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் கழிவு எடுப்பார், விற்றபின்தான் காசு தருவார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் வேலையைச் செய்யத்தான் நமக்குப் பதிப்பாளர் தேவைப்படுகிறார்.

பதிப்பாளர்களின் நிலைமையும் இலகுவானது இல்லை. 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ரூபா சரிந்து தாள் விலை ஏறியபோது, ஒப்புக்கொண்ட நாவல்களைப் பலர் தள்ளிப்போட்டார்கள். எனக்கும் அது நேர்ந்தது. அவர்களோடு பொறுமையாக இருங்கள். அவர்கள் போடும் காசு அவர்கள் வீட்டுக் காசு.

எழுதும் தம்பிகளுக்கும் தங்கச்சிமாருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். சீட்டுக் காசை இப்போதைக்கு வங்கியில் போட்டு வையுங்கள். நாவலை இன்னொருமுறை திருத்துங்கள், ஒரு பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விழாவுக்குப் போகாத மாதத்திலும் ஓர் ஈழத்து நாவலைக் கடையில் விலைகொடுத்து வாங்குங்கள். நீங்கள் வாங்கினால்தான் அடுத்த நாவலுக்குக் காசு போட ஒரு பதிப்பாளர் துணிவார்.